மைசூர் உடையார்களின் வாரிசுக் கேள்வி: சாபமா, சம்பந்தமா, சட்டமா?

மைசூர் அரச குடும்பத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு வரிசை பிசகாமல் வந்திருக்கிறது. 1796இல் இறந்த காஸா சாமராஜ உடையார் தத்து வந்தவர். அவருக்கு மகன் பிறந்தார். அந்த மகன் மூன்றாம் கிருஷ்ணராஜர். பட்டத்துக்குரிய ஆண் வாரிசு இல்லாததால் அவர் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். சாமராஜேந்திரருக்கு மகன்கள் இருந்தார்கள். மூத்தவரான நான்காம் கிருஷ்ணராஜருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தம்பி மகன் ஜயசாமராஜேந்திரர் 1940இல் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு ஸ்ரீகண்டதத்தர் பிறந்தார். ஸ்ரீகண்டதத்தருக்குப் பிள்ளை இல்லை. அவர் 2013 டிசம்பரில் பெங்களூரில் காலமானார். 2015இல் தத்து வந்த யதுவீருக்கு இப்போது இரண்டு மகன்கள்.

ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை நேர்வாரிசு அற்றுப்போவது ஏன்? இந்தக் கேள்விக்குப் பல காலத்தில் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பக்தர்கள் சாபம் என்றார்கள். வைத்திய நோக்கில் பார்த்தவர்கள் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ததே காரணம் என்றார்கள். புள்ளிவிவரம் அறிந்தவர்கள் தற்செயல் என்றார்கள். சட்டம் அறிந்தவர்களோ கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். இவற்றின் பிறப்பையும் பலத்தையும் பலவீனத்தையும் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அலமேலம்மா சொன்னதாகச் சொல்லப்படுவது

மிகப் பழையதும் மிகப் பரவியதும் சாப விளக்கம்தான். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விஜயநகரப் பிரதிநிதி திருமலையிடமிருந்து கைப்பற்றினார். திருமலை தலக்காட்டுக்கு ஒதுங்கினார். அங்கே நோயில் இறந்தார். அவருடைய மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகள் ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாயகி தாயாருக்குச் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் சாத்தப்பட்டு வந்தவை. அவற்றைக் கேட்டு ராஜ உடையார் ஆள் அனுப்பினார். அலமேலம்மா ஒரு முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற நகைகளோடு மாலங்கி அருகே காவிரியில் குதித்தார். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் மன்னர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டுக் குதித்தார் என்பது வழக்கு. மைசூர் அரண்மனையில் அலமேலம்மாவின் திருவுருவத்துக்கு நவராத்திரியில் இன்றும் பூஜை நடக்கிறது.

கதையின் பலம், மூன்று வாக்குகளில் இரண்டு கண்ணுக்குத் தெரிகின்றன என்பது. தலக்காட்டின் பழைய கோயில்கள் மணல்மேட்டுக்குள் கிடக்கின்றன. மாலங்கியில் காவிரி ஆழமாகச் சுழித்து ஓடுகிறது. இரண்டு பலித்திருக்க மூன்றாவது மட்டும் பொய்யாகுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மணலுக்கு வேறு விளக்கங்கள் உண்டு. ஆற்றின் வளைவு, விஜயநகரக் காலத்தில் மேலே கட்டப்பட்ட மாதவ மந்திரி அணை, அதனால் வெளியே தெரிந்த ஆற்றுமணல், அதை ஊருக்குள் அள்ளி வந்த காற்று ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய சூழல் அழிவு இது என்று பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் கே. என். கணேசய்யா உள்ளிட்ட ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அப்படியானால் மணல் முதலில் வந்திருக்கலாம். அதற்குக் காரணம் சொல்லும் கதை பிறகு வந்திருக்கலாம்.

வம்சாவளியை வைத்துப் பார்த்தால் வேறொரு சிக்கலும் தெரிகிறது. சாபம் 1610இல் தொடங்கியது என்றால் அதற்கடுத்த தலைமுறைகளிலும் அதே வரிசை தெரிய வேண்டும். ராஜ உடையாருக்குப் பின் பேரன் வந்தார். அடுத்து, ராஜ உடையார் இறந்த பின் பிறந்த அவருடைய மகன் இம்மடி ராஜ உடையார் வந்தார். பிறகு 1638இல் பங்காளிக் கிளையிலிருந்து கண்டீரவ நரசராஜர் வந்தார். ஒருவித நெருக்கடி இங்கே தெரிவது உண்மைதான். ஆனால் 1673இல் பட்டமேறிய சிக்கதேவராஜருக்குப் பின் மகன் இரண்டாம் கண்டீரவர், அவருக்குப் பின் மகன் முதலாம் கிருஷ்ணராஜர் என்று 1732 வரை தந்தை, மகன், பேரன் வரிசை தடையின்றி ஓடுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஒழுங்கு கச்சிதமாகப் பொருந்துவது 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குப் பிறகுதான். சாபத்தின் இன்றைய வடிவத்துக்கு வலு சேர்த்தவை 1610ஐ ஒட்டிய நிகழ்வுகளைக் காட்டிலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளின் நிகழ்வுகள் என்று கருத இடமுண்டு.

அதற்காகக் கதையைத் தள்ளிவிட முடியாது. வென்ற வம்சம் தோற்றவரின் மனைவியைத் தன் அரண்மனைக்குள்ளேயே வைத்துக் கும்பிடுவது, ஆட்சி எப்படிக் கைமாறியது என்ற நினைவை அந்தக் குடும்பமே காத்து வந்திருப்பதைக் காட்டுகிறது. வரலாற்றுச் சான்றாகச் சாபக்கதை நொய்மையானது. அரசுரிமை குறித்த மனக்குறையின் பதிவாக அது கனமானது.

பெண் கொடுத்தவர்கள், பிள்ளை கொடுத்தவர்கள்

இரண்டாவது விளக்கம் மணவுறவைப் பற்றியது. உடையார்கள் நெடுங்காலம் பெண் எடுத்ததும் கொடுத்ததும் அர்ஸ் எனப்படும் சிறு சமூகத்துக்குள். பின்னாளில் கர்நாடக முதலமைச்சரான தேவராஜ் அர்ஸ் இந்தச் சமூகத்தவர்தான். அர்ஸ்களில் 31 குலங்கள் உண்டு, அவற்றில் 13 உயர்ந்தவை, அரச குடும்பத்தின் கொள்வினை கொடுப்பினை அந்த 13க்குள்தான் என்று பழைய மைசூர் கெசட்டியர்கள் எழுதுகின்றன. களலே, பெட்டதகோட்டே போன்றவை இவற்றில் பெயர் பெற்றவை.

இந்தக் கொண்டான் கொடுத்தான் உறவு வெறும் குடும்ப விவகாரமாக இருக்கவில்லை. களலே குடும்பத்தார் பெண்ணும் கொடுத்தார்கள். தளவாய்ப் பதவியையும் தலைமுறைகளாக வைத்திருந்தார்கள். தத்து வந்த இரண்டாம் கிருஷ்ணராஜர், களலே நஞ்சராஜரின் மகளை மணந்தார். பட்டத்தில் மருமகன், அதிகாரத்தில் மாமனார். 1750களில் திருச்சிராப்பள்ளிக்காக மைசூர்ப் படையை நடத்திவந்து ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டவர் இந்த நஞ்சராஜர்தான். ஆர்க்காட்டு முகம்மது அலி தருவதாகச் சொன்ன திருச்சி கைக்கு வரவில்லை. மைசூர்க் கருவூலம் காலியானது. அந்தக் குழப்பத்தில் ஏறி வந்தவர் ஹைதர் அலி. தமிழ்நாட்டு வரலாற்றில் கர்நாடகப் போராகப் படிக்கும் நிகழ்வின் மறுபக்கத்தில் ஒரு சம்பந்தி வீட்டு அதிகாரம் இருக்கிறது.

பெண் கொடுத்த அதே குடும்பங்கள்தான் பிள்ளையும் கொடுத்தன. இங்கே ஒரு நிகழ்வைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1776இல் எட்டாம் சாமராஜர் வாரிசின்றி இறந்தபோது, ஹைதர் அரச உறவுக் குடும்பங்களின் சிறுவர்களை ஒரு கூடத்தில் கூட்டினார் என்று வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். தின்பண்டம், பூ, விளையாட்டுச் சாமான், ஆயுதம் எல்லாம் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. மற்றப் பிள்ளைகள் இனிப்புக்குப் பாய, ஒரு குழந்தை பளபளத்த குறுவாளை எடுத்தது. இவனே ராஜா என்றார் ஹைதர். காஸா சாமராஜர் பட்டத்துக்கு வந்த கதை இது. வில்க்ஸ் கேட்டு எழுதியது என்பதால் குறுவாள் கட்டுக்கதையாகவும் இருக்கலாம். ஆனால் உறவுக் குடும்பங்கள் பலவற்றிலிருந்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது என்ற ஏற்பாடு கட்டுக்கதை அன்று. அரியணையை ஹைதர் ஒழிக்காமல் நிரப்பினார் என்பதும், அதற்குத் தகுந்த பிள்ளைகள் எந்த வட்டத்தில் கிடைப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் கவனிக்க வேண்டியவை.

நெருங்கிய சொந்தம் குற்றவாளியா?

இந்தச் சிறு வட்டமே மலட்டுத்தன்மைக்குக் காரணம் என்ற வாதம் 20ஆம் நூற்றாண்டில் பரவலானது. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கம் தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. மைசூர் அரண்மனையிலும் அதுவே நடந்தது. சாமராஜேந்திரரின் மகள் ஜயலட்சுமம்மணி தம் தாயின் சகோதரர் காந்தராஜ் அர்ஸை மணந்தார். 1919 முதல் 1922 வரை மைசூர் திவானாக இருந்தவர் அவர். மைசூரின் ஜயலட்சுமி விலாச மாளிகை ஜயலட்சுமம்மணிக்காகக் கட்டப்பட்டது.

சொந்தத்துக்குள் மணம் செய்வதால் சில மரபுநோய்களின் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆண் வாரிசு இல்லாமைக்கு அதையே காரணம் காட்ட, வம்சாவளி இடம் கொடுக்கவில்லை. 1900இல் நான்காம் கிருஷ்ணராஜருக்கு வெகு தூரத்திலிருந்து, கத்தியவாரின் வானா அரச குடும்பத்திலிருந்து, பெண் எடுத்தார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தம்பி யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜர் 1910இல் தளவாய் தேவராஜ் அர்ஸின் மகளை மணந்தார். பட்டத்து வாரிசு பிறந்தது அங்கேதான். ஜயசாமராஜேந்திரரின் முதல் மணம் 1938இல் வடக்கே ஜிக்னி குடும்பத்துப் பெண்ணோடு, பிள்ளை இல்லை. 1942இல் அர்ஸ் குடும்பத்தின் திரிபுரசுந்தரி அம்மணியை மணந்தார். ஒரு மகனும் ஐந்து மகள்களும் பிறந்தார்கள். இதோடு நிறுத்தினால் வெளிமணமே ஆகாது என்று தலைகீழாகக்கூட வாதிடலாம். ஆனால் 2016இல் யதுவீர் மணந்தது ராஜஸ்தானத்தின் துங்கர்பூர் குடும்பத்தில். அங்கே மகன்கள் பிறந்திருக்கிறார்கள். அகமணமும் வெளிமணமும் இரண்டு விளைவுகளையும் தந்திருக்கின்றன. இவ்வளவு சில நிகழ்வுகளை வைத்து உடற்கூறு பற்றி முடிவு சொல்வது துணிச்சல்.

கத்தியவார் சம்பந்தம் வேறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் சமஸ்தானங்கள் அகில இந்திய க்ஷத்திரிய அந்தஸ்தைத் தேடிய போக்கோடு அயா இகேகமே போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய மணங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். யதுராயர் துவாரகையிலிருந்து வந்து 1399இல் வம்சத்தைத் தொடங்கினார் என்பது மரபு. துவாரகை இருக்கும் அதே கத்தியவாரிலிருந்து பெண் எடுத்தது அந்த மரபுக்கு ஒரு சான்றிதழ் வாங்கியது போலாயிற்று. 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய மைசூர்த் தலைவர்களுக்குக் கல்வெட்டு ஆதாரம் மெலிந்தது என்பதால், துவாரகைக் கதையை வரலாற்றாசிரியர்கள் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தின் கணக்கு

மூன்றாவது விளக்கம் தற்செயல். இதைச் சோதிக்க இங்கிலாந்தின் பரோனெட் குடும்பங்கள் உதவும். ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த மறு ஆண்டு, 1611இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் பணம் பெற்றுக்கொண்டு நிலக்கிழார்களுக்குப் பரோனெட் பட்டம் வழங்கத் தொடங்கினார். பொதுவாக இப்பட்டம் சட்டப்படியான மணத்தில் பிறந்த ஆண் வழியில் மட்டும் இறங்கும். மகளுக்குப் போகாது, தத்துப்பிள்ளைக்கும் போகாது. இங்கிலாந்தில் தத்தெடுப்புக்குச் சட்டமே 1926இல்தான் வந்தது. வந்த பின்னும் தத்துப்பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. ஆகவே நூற்றுக்கணக்கான பட்டங்கள் வாரிசின்றி அற்றுப்போயின.

ஏன் இத்தனை குடும்பங்கள் அற்றுப்போகின்றன என்று பிரான்சிஸ் கால்டன் 1869இல் ஆராய்ந்தார். சொத்துள்ள ஒரே மகளை மணப்பதில் பிரபுக்களுக்கு ஆசை. ஒரே மகள் என்பதே பிள்ளை குறைந்த குடும்பத்தின் அடையாளம். எனவே அவர்கள் சொத்தோடு மலட்டுத்தன்மையையும் வாங்கினார்கள் என்பது அவர் வாதம். பிறகு 1874இல் அவரும் பாதிரியார் எச். டபிள்யூ. வாட்சனும் இதைக் கணிதமாக்கினார்கள். எந்தச் சிறப்புக் காரணமும் இல்லாமலே ஆண் வழிகள் அற்றுப்போகக்கூடும் என்று அந்தக் கணக்கு காட்டியது. வாட்சன் செய்த ஒரு பிழை பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்தது.

பழைய சமூகங்களின் பிறப்பு இறப்பு நிலையில், இறக்கும் ஆண்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கே உயிரோடு ஒரு மகனாவது இருப்பான். 20 விழுக்காட்டினருக்கு மகள்கள் மட்டும். 20 விழுக்காட்டினருக்கு யாருமில்லை என்று ஈ. ஏ. ரிக்லி 1970களில் மதிப்பிட்டார். இதை மைசூருக்குப் போட்டுப் பார்க்கலாம். 1796 முதல் 2013 வரை இறந்த ஆறு பட்டத்துக்காரர்களில் மூவருக்குப் பட்டத்துக்குரிய மகன் இருந்தார். ரிக்லியின் அளவுப்படி எதிர்பார்க்கக்கூடியது 3.6. வித்தியாசம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆறில் மூன்று என்றால் அவை அமையக்கூடிய வரிசைகள் 20. ஒன்றுவிட்டு ஒன்றாக அமைவது அவற்றில் இரண்டு. பத்தில் ஒரு வாய்ப்பு அதிசயத்துக்குப் போதாது.

இந்தக் கணக்குக்கும் ஓட்டை உண்டு. ரிக்லியின் அளவு சாதாரணக் குடும்பங்களுக்கானது. மூன்றாம் கிருஷ்ணராஜருக்கு மனைவியர் பலர். அந்த நிலையில் வாய்ப்பு கூடியிருக்க வேண்டும். ஆனால் அங்கே பிள்ளை என்பதைவிடப் பட்டத்துக்குரிய பிள்ளை யார் என்பதே கேள்வி. தம் சந்ததியைத் தாமரை இதழ்களாக விரித்துக் காட்டும் சந்தானாம்புஜம் என்ற ஓவியத்தை மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் வரையச் செய்தவர் அவர். வாரிசு இல்லை என்று கம்பெனிக் காகிதங்கள் எழுதிய மன்னரின் கண்ணில் தம் குடும்பம் நிறைந்தே இருந்திருக்கிறது.

சட்டம் திருப்பிப் போட்ட கேள்வி

நான்காவது நிலைப்பாடு, வம்சம் ஏன் அற்றது என்று கேட்பதில்லை. ஏன் அறவில்லை என்று கேட்கிறது. இந்து தர்மசாஸ்திரப்படி தத்துப்பிள்ளை மகனே. டல்ஹௌசி காலத்தில் கம்பெனி இதை ஏற்க மறுத்தது. 1848இல் சதாரா, பிறகு ஜான்சி, நாக்பூர் என்று நாடுகள் பறிபோயின. தஞ்சையில் 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு முடித்துவைக்கப்பட்டது. ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கில் 1859இல் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்றது.

மைசூரும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். 1831 முதல் நாடு பிரிட்டிஷ் கமிஷனர்களின் கையில் இருந்தது. நிர்வாகம் பெங்களூரிலிருந்து நடந்தது. திப்பு வீழ்ந்த பின் அரியணையைத் திருப்பித் தந்த 1799 ஒப்பந்தம் மூன்றாம் கிருஷ்ணராஜர் என்ற தனி மனிதருக்குத் தரப்பட்டது, அவரோடு முடியும் என்பது ஒரு தரப்பு. 1865 ஜூனில் மன்னர் பெட்டதகோட்டே அர்ஸ் குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தையைத் தத்தெடுத்தபோது கல்கத்தா அரசு ஏற்கவில்லை. எவன்ஸ் பெல் போன்றவர்கள் மைசூருக்காக எழுதினார்கள். 1857 கிளர்ச்சி தந்த பாடமும் சேர்ந்துகொள்ள, 1867இல் லண்டன் தத்தை அங்கீகரித்தது. 1881 மார்ச் 25இல் நாடு சாமராஜேந்திரரிடம் திரும்பியது. தஞ்சைக்கும் மைசூருக்கும் இடையே இருந்தது ரத்தத்தின் வித்தியாசம் அன்று. பன்னிரண்டு ஆண்டுகளின் வித்தியாசம்.

தத்தைச் சாத்தியமாக்கியதில் பெண்களின் பங்கும் பெரிது. இரண்டாம் கிருஷ்ணராஜரின் ராணி லட்சுமம்மணி ஹைதர், திப்பு காலம் முழுவதும் உரிமையை விடாமல் காத்தார். 1782இல் அவர் சார்பில் திருமலை ராவ் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டது தஞ்சையில். கணவர் இறந்த பின் விதவை தத்தெடுக்கலாமா என்ற கேள்வியில் 1868இல் பிரிவி கவுன்சில் தந்த முடிவு ராமநாதபுரம் சேதுபதி குடும்ப வழக்கில் பிறந்தது. கணவர் சொல்லி வைக்காவிட்டாலும் தாயாதிகள் சம்மதித்தால் போதும் என்றது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் அந்தச் சம்மதத்தையும் நீக்கியது. தத்துப் பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது என்ற விதியை வைத்தாலும், குல வழக்கம் இருந்தால் விலக்கு என்றது. ஸ்ரீகண்டதத்தரின் மனைவி பிரமோதா தேவி 2015 பிப்ரவரியில் 22 வயது யதுவீரைத் தத்தெடுத்தது இந்தப் பின்னணியில்தான்.

பெங்களூரில் எஞ்சியிருப்பது

1971இல் மன்னர் மானியம் ஒழிந்த பின் வாரிசுரிமை என்பது சொத்துரிமையாகச் சுருங்கியது. அது மிகக் கூர்மையாகத் தெரிவது பெங்களூரில். காரெட் பாதிரியாரிடமிருந்து 1870களில், சிறுவன் சாமராஜேந்திரரின் சொந்தப் பணத்தில் வாங்கப்பட்டது பெங்களூரு அரண்மனை. சுமார் 472 ஏக்கர் நிலத்தை 11 கோடி ரூபாய்க்குக் கையகப்படுத்த மாநில அரசு 1996இல் சட்டம் இயற்றியது. அதன் மீதான வழக்கு தலைமுறை தாண்டி ஓடியது. 2025இல் நிலப் பயன்பாடு குறித்து இன்னொரு சட்டம் வந்தது. சாமராஜப்பேட்டை, ஜயநகர், வாணி விலாஸ் மருத்துவமனை என்று நகரமே இக்குடும்பத்தின் பெயர்களைச் சுமக்கிறது. இவற்றில் வாணி விலாஸ், கணவர் இறந்த பின் 1895 முதல் 1902 வரை மகனுக்காக ஆட்சி நடத்திய ராணி கெம்பநஞ்சம்மணியின் பட்டப்பெயர்.

மதிப்பீடு

நான்கு விளக்கங்களில் சாபம், காரணத்தை விளக்குவதைவிட நினைவை விளக்குகிறது. சொந்தத்து மணம் என்ற காரணம் வம்சாவளியோடு பொருந்தவில்லை. தற்செயல் என்ற கணக்கு பெரும்பகுதியை விளக்குகிறது. ஆனால் எண்ணிக்கை சிறிது. அற்றுப்போக வேண்டிய வழி ஏன் அறவில்லை என்ற கேள்விக்கே உறுதியான விடை கிடைக்கிறது: பெண் கொடுக்கும் குடும்பங்களே பிள்ளையும் கொடுக்கும் ஏற்பாடு, தத்தை மகனாக ஏற்கும் சட்டம், அதை வாதாடி நிலைநாட்டிய ராணிகள்.

இந்த விடை வம்சாவளியைப் படிக்கும் முறையையும் மாற்றுகிறது. யதுவீர், ஜயசாமராஜேந்திரரின் மூத்த மகள் காயத்ரி தேவியின் மகள் வயிற்றுப் பிள்ளை. ஆண் வழியைப் பார்த்தால் வம்சம் 2013இல் அற்றது. பெண் வழியைப் பார்த்தால் அறவில்லை. முந்தைய தத்துகளிலும் இப்படிப் பெண் வழி ரத்தம் எவ்வளவு ஓடியது என்பது, ராணிகளின் பிறந்த வீடுகளையும் இளவரசிகள் புகுந்த வீடுகளையும் வரிசைப்படுத்தினால்தான் தெரியும். சாபவாக்கு இன்றைய மூன்றடி வடிவத்தை எப்போது பெற்றது, ஒன்றுவிட்டு ஒன்று என்ற திருத்தம் எப்போது சேர்ந்தது என்பவையும் முடிவாகாதவை. அந்த வேலைகள் முடியும் வரை, மைசூரின் வாரிசு வரலாறு ஆண்களின் பட்டியலாகவே படிக்கப்படும்; அந்தப் பட்டியலில் இடைவெளிகள் இருக்கும் வரை சாபக்கதைக்கும் இடமிருக்கும்.